ஓவாகெங் வீட்டுப் பின்னறை

நகராட்சிக்கு நிலம் அளக்கும் கலலெட்சாங் அளவுப் பெட்டியைத் தரையில் வைத்துக் குனிந்ததும், வீட்டுக்காரன் ஓவாகெங் பக்கத்தில் வந்து தங்கு தங்கென்று குதித்தான்.

"நில்லுங்க ஐயா. தரை அதிர்ந்தா அளவு சரியா வராது."

"என் வாசல், என் காலு. நீ யாருடி கேக்க?"

வேலியோரம் நின்றவர்கள் சிரித்தார்கள். பாதிப் பேர் அவனுடைய பீர்க்கடைக்கு வருகிறவர்கள். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே இருந்த அந்தச் சுரங்கக் குடியிருப்பில் அவளை யாருக்கும் பிடிக்காது. சுரங்கக்காரர்கள் நிலத்தடி நீரை இறைத்துத் தள்ளியதில், அடிப்பாறையின் பொந்துகள் வெறுமையாகி மேல்மண்ணை விழுங்கத் தொடங்கியிருந்தன. பொந்து இருக்கும் இடத்தில் பூமியின் ஈர்ப்பு இம்மி குறையும். அவள் பெட்டி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிய தெருவையெல்லாம் நகராட்சி காலி செய்து, ஆட்களைத் தகரக் கொட்டகைகளில் அடைத்தது.

அவன் களைத்து மூச்சு வாங்கிய நேரத்தில் அவள் வீட்டைச் சுற்றி அளந்து முடித்தாள்.

"பின்னறைக்கு அடியில பொந்து இருக்கிற மாதிரி தெரியுது. அங்க யாரும் படுக்காதீங்க."

"என் தம்பி வீட்டையும் இப்படித்தான் சொல்லி இடிச்சீங்க. அங்க குழி விழுந்துச்சா?"

விழவில்லை. அவள் பெட்டியை மூடினாள்.

"ஓடிடு. இல்லாட்டி நீ தேடுற குழியிலயே உன்னைப் புதைச்சிடுவேன்."

அவன் மனைவி கெனெயில்வே வெளியே வந்தாள். "என் பிள்ளைங்க அங்கதான் தூங்குதுங்க. உனக்கு உறுதியா தெரியுமா?"

"துளை போட்டாத்தான் உறுதிம்மா. ஆனா என் பிள்ளைன்னா படுக்க விடமாட்டேன்."

கெனெயில்வே மெத்தைகளை இழுத்து வெளியே போட்டாள். அவன் மெத்தையை எட்டி உதைத்தான். "ஊர் சிரிக்குது, நீயும் அவகூடச் சேந்துக்கிட்டியா?" அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து, துளையிடும் லாரி போலீஸ் காவலோடு வந்தது. கூட்டத்திலிருந்து லாரிக் கண்ணாடியில் கல் விழுந்தது. பின்னறைச் சுவரோரம் முக்கி முனகி இறங்கிக்கொண்டிருந்த கம்பி, திடீரென்று பிடிமானமே இல்லாமல் சர்ரென்று கீழே போயிற்று. கூட்டம் பின்வாங்கியது.

ஓவாகெங் முகம் வெளிறிவிட்டது. உள்ளே போய், குளிர்சாதனப் பெட்டியை ஒற்றை ஆளாய் முதுகில் சுமந்து வெளியே வந்தான். கலலெட்சாங்கைக் கடக்கும்போது நின்றான்.

"நீதான்டி தோண்டிவிட்டே. பூமி சும்மாதான கிடந்துச்சு!"

அவள் காலடியில் காறித் துப்பினான். கலலெட்சாங் செருப்பைப் புல்லில் தேய்த்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அவள் வருவதைப் பார்த்ததும் அங்கே நாயை அவிழ்த்துவிட்டார்கள்.