தலையில்லாத விலாங்கு

எங்கள் மீன் கடையில் விலாங்கைத் தலை வெட்டி, தோல் உரித்த பிறகுதான் தராசில் வைப்போம். தின்னாத தலைக்கும் தோலுக்கும் யாரும் விலை கொடுக்கக் கூடாது என்பது என் அப்பா போட்ட சட்டம். கடையின் பெயர் இன்றுவரை கெடாமல் நிற்க அதுவும் ஒரு காரணம். அந்தச் சட்டம்தான் என் சின்ன மகளின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

கல்யாணம் பேசி முடித்த கையோடு, மாப்பிள்ளை வீட்டுக்கு நல்ல விலாங்கு ஒன்றை வழக்கம்போலச் சுத்தம் செய்து அனுப்பினேன். மறுநாள் காலையில் வரச் சொல்லி ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா தையல்காரர். அதுவரை வாய் நிறையச் சம்பந்தி என்றவர், "வாங்க கடைக்காரரே" என்றார். ஏதோ கோணல் என்று தெரிந்துவிட்டது.

துணி வெட்டும் மேசையில், சாப்பிட்டு மிஞ்சிய முதுகெலும்புத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மணி கோத்ததுபோல நீண்டு கிடந்தது. பாம்பை உரித்து அனுப்பிவிட்டேன் என்பது அவர்கள் கட்சி. இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். அவர் மனைவி உள்ளிருந்தபடியே, "மீன் கடைக்காரர் வீட்டுல பொண்ணு எடுக்கிறோம்னு நெனச்சோம். பாம்பாட்டி வீடுன்னு தெரியாமப் போச்சு" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் அடுத்தவர் வாசலில் நின்று கெஞ்சியதில்லை. அது விலாங்குதான் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். செவுள் எங்கே, துடுப்பு எங்கே என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. செவுள் தலையோடு போயிற்று, துடுப்பு தோலோடு போயிற்று. இரண்டையும் கடைப் பூனை தின்று தீர்த்திருந்தது.

அப்போது என் மகள் வந்து நின்றாள், கையில் ஒரு சின்ன டப்பாவோடு. கூப்பிட வந்த ஆள், நான் கிளம்பியபின் கடையில் சொன்ன விஷயத்தைக் கேட்டிருக்கிறாள். கல்லூரி ஒன்றில் விலங்குகளின் எலும்புகளைக் கோத்து நிறுத்துவது அவள் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது எனக்குப் பிடிக்காது. முறைத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"முதுகெலும்பைப் பார்த்தா பாம்புன்னு சொல்றீங்க மாமா? அது மீனுக்கும் உண்டு, தவளைக்கும் உண்டு, கோழிக்கும் உண்டு. நமக்கும் உண்டு."

"எங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கும்மா" என்றார் அவர் விறைப்பாக.

அவள் சிரிக்காமல் விளக்கினாள். முதுகெலும்பு உள்ளதெல்லாம் ஒரே வம்சம், அதற்குள் ஐந்து வீடுகள்: மீன்கள், தவளைகள், பாம்பும் பல்லியும் ஆமையும் சேர்ந்த ஊர்வன, பறவைகள், குட்டிக்குப் பால் கொடுப்பவை. எது எந்த வீடு என்று மூச்சு விடும் விதத்தையும் மேல்தோலையும் பார்த்துச் சொல்லிவிடலாம். இங்கே இரண்டும் இல்லை. எலும்பைத்தான் கேட்க வேண்டும் என்றாள். டப்பாவிலிருந்து பாம்பின் முதுகெலும்பில் ஒரு கணுவை எடுத்து மேசையில் வைத்தாள். பக்கத்தில், அவர்கள் அடுக்கியிருந்ததிலிருந்து ஒரு கணு.

"நான் சொல்லல. நீங்களே பாருங்க மாமா."

ஊசியில் நூல் கோக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். முதலில் பாம்பின் கணுவை.

"இது பிரஸ் பட்டன் மாதிரியில்ல இருக்கு. ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் குமிழ். ஒண்ணுக்குள்ள ஒண்ணு போய் உக்காரும்."

பிறகு பக்கத்தில் இருந்ததை எடுத்தார். புரட்டினார். இன்னொன்றை எடுத்தார், அதற்கடுத்ததையும் எடுத்தார்.

"இதுல குமிழே இல்லையே. ரெண்டு பக்கமும் குழிதான்."

"மீனுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் மாமா."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் தண்ணீர்ச் செம்போடு வந்து, என் மகளிடம் முதலில் நீட்டினார். தையல்காரர் மேசையிலிருந்த எலும்புகளை மெதுவாகக் காகிதத்தில் சுருட்டினார்.

"உக்காருங்க சம்பந்தி" என்றார்.

அதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

கடைச் சட்டத்தை யாருக்காகவும் நான் மாற்றியதில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகும் விலாங்கு மட்டும் இப்போது தலையோடும் தோலோடும் போகிறது. தராசில் வைக்காமல் அனுப்புவதால் சட்டத்துக்குப் பங்கமில்லை. பூனைக்குத்தான் என்மேல் வருத்தம்.