பலகைக்கு ஒரு ஈ

வியாழக்கிழமை காலை, மனைவி நூலா பல் மருத்துவரைப் பார்க்கப் பஸ் ஏறிப் போன பத்தாவது நிமிடம், கோல்மன் ஹெராட்டி தன் கொல்லைப்புறத்துச் சாணக்குவியலைத் திருடனைப்போலக் கிளறிக்கொண்டிருந்தார். சொந்த வீடு, சொந்தச் சாணம். ஆனாலும் இரண்டு முறை நிமிர்ந்து சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டார். சிவந்த தலையுள்ள புழுக்களாகப் பார்த்து எடுத்து, ஈரப் பாசி அடைத்த ஜாம் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி, பாட்டிலை ஒரு காலுறைக்குள் திணித்தார். அறுபத்தோரு வயதில் மண்புழுவைக் காலுறைக்குள் ஒளித்து எடுத்துப் போகும் மனிதரைப் பார்த்து வேலிக்கு அப்பால் நின்ற செம்மறி ஆடு மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

ஒளிக்க வேண்டிய காரணம் அவருக்கே தெரியும். டாரா ஆற்று மீன்பிடி சங்கத்தின் செயலாளர் அவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால், சால்மன் மீன் குறைந்துவிட்டது, இனிப் பிடிக்கிற மீனை உயிரோடு ஆற்றிலேயே விட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, அதோடு புழுவையும் தடை செய்ய வேண்டும் என்று எழுந்து நின்று முழங்கியவரும் அவர்தான். இறகும் பட்டு நூலும் கட்டிய பொய் ஈயை சால்மன் உதட்டோரத்தில்தான் கவ்வும், தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். புழுவையோ தொண்டைக்குள் இறக்கிவிடும், விட்டாலும் செத்துப்போகும். இது உண்மைதான். ஆனால் அன்று அவர் உண்மையோடு நிற்கவில்லை. "தொண்டையில முள்ளோட ஒரு மீனைத் திருப்பி விடறது இருக்கே, அது பொய்யைத் தண்ணியில நீந்த விடற மாதிரி!" என்று மேசையைத் தட்டினார். கைதட்டல் கிடைத்தது. பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

அந்தப் பதினொன்றில் ஒருவர் பார்ட்லி. கோல்மனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். முடக்குவாதத்தில் விரல்கள் எல்லாம் இஞ்சி மாதிரி முறுக்கிக்கொண்டு போனவர். ஈயை வீசி எறிய மணிக்கட்டு வளைய வேண்டும், பார்ட்லிக்கு வளையாது. பாலத்துக்குக் கீழே ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்து புழுவைத் தண்ணீரோடு உருள விடுவது ஒன்றுதான் அவரால் முடிந்தது. ஓட்டெடுப்பு முடிந்ததும் சண்டை போடவில்லை. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரிங்க செயலாளர்" என்றார். ஐம்பது வருடமாக வாடா போடா என்று கூப்பிட்ட வாய். அன்றிலிருந்து வழியில் பார்த்தாலும் "வணக்கம் செயலாளர்" தான். நாயோடு கரையில் நடப்பார், மீன் பிடிப்பதில்லை.

சட்டம் போட்ட செயலாளருக்கோ இரண்டு வருடமாக ஈயில் ஒரு மீன்கூட ஏறவில்லை. மதுக்கடையில் கேலி தொடங்கி நாளாகிவிட்டது. "செயலாளரே, உங்க ஈயெல்லாம் நல்லா நீச்சல் கத்துக்கிச்சாமே?" என்று சங்கத் தலைவர் ஃபெஸ்டஸ் கேட்பார். தலைவர் கேட்டால் சிரித்துத்தானே ஆகவேண்டும். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடப்பார். ஊருக்குத்தான் உபதேசம் என்றாலும், உபதேசம் செய்தவனுக்கு ஒரு மீனாவது கிடைக்க வேண்டாமா? இந்த வருடம் ஜூன் பிறந்தும் ஆற்றில் யாருக்குமே முதல் மீன் விழவில்லை. புதன்கிழமை பெய்த மழையில் வெள்ளம் வந்து, வியாழன் காலை வடிய ஆரம்பித்திருந்தது. கருந்தேநீர் நிறத் தண்ணீர். புழுவுக்கென்றே செய்த தண்ணீர். மீன் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம், பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். தன்னிடம் பொய் சொல்லத் தொடங்கியவனுக்கு மற்றவர்களிடம் சொல்வது பெரிய வேலை இல்லை.

பார்ட்லியின் கல்லிலேயே போய் உட்கார்ந்தார். அங்கிருந்துதான் ஆழம் சரியாக வரும். ஈயக்குண்டு அடிக்கல்லில் தட்டித் தட்டி உருள்வது விரலுக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவை அது நின்றது. பிறகு மெல்ல ஒரு இழுப்பு; இன்னொரு இழுப்பு. புழுவில் மீன் தொட்டால் உடனே சுண்டக் கூடாது. கயிற்றைத் தளர்த்திவிட்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் சுண்ட வேண்டும். அந்த ஆற்றில் பிறந்த எல்லாருக்கும் இதுதான் கணக்கு. கோல்மன் சொன்னார். ஆமென் வந்தது. ஆனால் இரண்டு வருடப் பசி. தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் கையைக் கட்டிப்போட்டது. இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னார். இரண்டாவது ஆமெனுக்குத்தான் சுண்டினார்.

கால் மணி நேரம் இழுத்தது. கரையோரம் வந்து வெள்ளியாய்ப் புரண்டபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. பதினான்கு பவுண்டு குறையாது. மீனை வலையில் வாங்கி வாயைத் திறந்து பார்த்தார். உதட்டில் முள் இல்லை. நாக்குக்கு அப்பால் நைலான் நூல் மட்டும் இருட்டுக்குள் இறங்கிப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா பாலத்தின் மேலிருந்து குரல் வர வேண்டும்?

"ஐயோ கோல்மன்! மீனா அது? அசையாதீங்க, அசையாதீங்க, இதோ வர்றேன்!"

தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் அட்ராக்டா. அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சரிவில் இறங்கி வருவதற்குள் கோல்மன் பற்களால் நூலை அறுத்தார். புழு பாட்டிலைப் புல்லுக்குள் உதைத்தார். சட்டைப்பையிலிருந்த ஈப் பெட்டியைத் திறந்து பக்கத்தில் வைத்தார். இவ்வளவு சுறுசுறுப்பு அவரிடம் இருக்கிறதென்று அவருக்கே தெரியாது.

"இந்த வருஷத்து முதல் மீன்! அதுவும் நீங்க! எந்த ஈயில?" அவள் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"சிவப்பு வால் ஈ" என்றார். பெட்டியில் கண்ணுக்கு முதலில் பட்டது அதுதான்.

மீனைத் தண்ணீரில் தலை எதிர்நீரைப் பார்க்கப் பிடித்தார். செவுளிலிருந்து நூலளவு ரத்தம் கசிந்து கரைந்ததை அவர் பார்த்தார். படம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த அட்ராக்டா பார்க்கவில்லை. வால் ஒரு தடவை அசைந்தது. மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. "எவ்வளவு அழகாப் போகுது பாருங்க" என்றாள் அவள். அவர் ஆமாம் என்றார்.

சனிக்கிழமைக்குள் அட்ராக்டாவின் கடையில் சிவப்பு வால் ஈ ஒன்றுகூட மிச்சமில்லை. ஊரே அதைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்தது. பேக்கரியில் கோல்மனிடம் ரொட்டியை வெறுமனே கொடுக்கவில்லை, கையைக் குலுக்கிவிட்டுக் கொடுத்தார்கள். நூலா வீங்கிய கன்னத்தோடு படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்து கணப்புக்கு மேலே மாட்டினாள். "ரெண்டு வருஷமா உங்களைக் கிண்டல் பண்ணினாங்களே, இப்ப என்ன சொல்றாங்களாம்?" என்று கேட்டுக் கணவனின் தலையைத் தடவினாள். அந்தக் கை பட்ட இடத்தில் அவருக்கு உடம்பு கூசியது. படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மீனின் வாயிலிருந்து ஒரு அங்குல நைலான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெரிந்து பார்ப்பவனுக்குத் தெரியும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கூட்டம். வருடத்து முதல் மீன் எதில் ஏறியதோ அதைப் பிடித்தவர் கொண்டுவந்து கூடத்துப் பச்சைப் பலகையில் குத்த வேண்டும். எழுபது வருடத்து வழக்கம். கோல்மன் மேல்சட்டையின் இடது பையில் ஒரு புதுச் சிவப்பு வால் ஈயை வைத்துக்கொண்டிருந்தார். புதிதாகத் தெரியக் கூடாதென்று காலையில் அதைக் குளியலறைக் குழாயடியில் நனைத்து, இறகை நகத்தால் கலைத்திருந்தார். வலது பையில் பார்ட்லி எழுதிய கடிதம். கை முடியாதவர்களுக்கு வருடத்துக்கு ஒரு மீன், புழுவில் பிடித்து வீட்டுக்கே எடுத்துப் போக மேலிடத்தில் அனுமதி வாங்கித் தரச் சொல்லி எழுதியது. போன வருடம் நேரமில்லை என்று செயலாளர் அதை ஒத்திவைத்தார். இந்த முறை நிகழ்ச்சி நிரலில் கடைசியாகப் போட்டிருந்தார்.

கூடத்து வாசலில் பார்ட்லி நாயோடு நின்றிருந்தார்.

"கோல்மா, ஒரு நிமிஷம் இப்படி வாடா."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த 'டா'. சுவரோரம் போனார்கள். பார்ட்லி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டி ஒன்றை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்து எடுத்தார். விரலால் பிடிக்க அவருக்கு வராது.

"நேத்து நாய்தான் அந்த மீனைக் கண்டுபிடிச்சுது. மதகுக்குக் கீழ, வேர்ல சிக்கி மிதந்துகிட்டு இருந்தா. பொட்டை. முட்டை இப்பத்தான் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு வயித்துல."

கோல்மன் தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். முள்ளின் கழுத்தில் நூலாவின் தையல் பெட்டிப் பச்சை நூல் சுற்றியிருக்கும். அப்படிச் சுற்றுகிற ஆள் அந்த ஆற்றில் அவர் ஒருவர்தான்.

"ரெண்டு தடவை சொன்னியா?" என்றார் பார்ட்லி.

"என்ன?"

"அருள் நிறைந்த மரியே. ஒரு தடவை சொன்னா அவ்வளவு உள்ள போகாதே."

கோல்மன் தலையை ஆட்டினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அடிக்கட்டும், கத்தட்டும், உள்ளே போய் எல்லாருக்கும் சொல்லட்டும். அதற்கு அவர் தயார். ஆனால் பார்ட்லியின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

"தோட்டத்துல புதைச்சுட்டேன். யாருக்கும் சொல்லலை, பயப்படாத. நான் வந்தது வேற விஷயத்துக்கு. என் லெட்டர் இருக்குல்ல? அதைப் படிக்க வேண்டாம். கிழிச்சுப் போட்டுடு."

"ஏன்டா?"

"அன்னைக்கு நீ சொன்னப்ப நான் நம்பலை. வாய் பேசுறான்னு நினைச்சேன். நேத்து அவ தொண்டையை அறுத்துப் பார்த்தேன். நீ சொன்னது நிஜம்தான்டா."

"பார்ட்லி, நீ கேட்டது வேறடா. நீ மீனை வீட்டுக்குத்தானே எடுத்துட்டுப் போவே. திருப்பி விட மாட்டியே."

"சின்ன மீனா இருந்தா மனசு வராது, விட்டுடுவேன். எத்தனை விட்டிருக்கேன் தெரியுமா நான்? பொழைச்சிருக்கும்னு நினைச்சுகிட்டு இருந்தேன்." பார்ட்லி நாயின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். "போ, உனக்காகத்தான் காத்திருக்காங்க."

உள்ளே வரமாட்டேன் என்று அவர் ஆற்றுப் பக்கமாக நடந்தார். கோல்மன் தீப்பெட்டியை வலது பையில் கடிதத்தோடு போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கைதட்டினார்கள். தொப்பி தொப்பியாகச் சிவப்பு வால். அட்ராக்டா முன்வரிசையில் கைப்பேசியோடு தயாராக இருந்தாள். பக்கத்தில் நூலா, புது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. ஃபெஸ்டஸ் எழுந்தார். "நானே ரெண்டு வருஷமா இந்த மனுஷனைக் கலாய்ச்சேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன். புழு இல்லாம முடியாதுன்னு சொன்னவங்க வாயை அடைச்சுட்டாரு. செயலாளரே, குடுங்க அந்த ஈயை!"

கோல்மன் பலகையைப் பார்த்தார். எழுபது வருடத்து இறகுகள், சாயம் போய், பூச்சி அரித்து. நடுவில் மூன்று இடங்களில் மட்டும் இறகில்லாத வெறும் முள். ஒவ்வொன்றுக்கும் கீழே பழுப்பேறிய சீட்டில் ஒரே பெயர். அந்தக் காலத்தில் பார்ட்லி புழுவில் முதல் மீன் பிடித்த வருடங்கள். எதில் ஏறியதோ அதைக் குத்தினார், சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தார். அவற்றுக்குப் பக்கத்தில் இந்த வருடத்துச் சீட்டை ஃபெஸ்டஸ் ஏற்கெனவே ஒட்டியிருந்தார். கோல்மன் ஹெராட்டி, பதினான்கு பவுண்டு, உயிரோடு விடப்பட்டது.

அவர் கை முதலில் இடது பைக்குத்தான் போனது. இறகு விரலில் பட்டது. இன்னும் ஈரமாக இருந்தது. கையை வெளியே எடுத்தார், வெறுமையாக. நூலா நம்பிக்கையோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைத்தபடியே வலது பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அடேங்கப்பா, பத்திரமா பெட்டியில வச்சிருக்காரு!" என்றார் ஃபெஸ்டஸ். எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசைக்காரர்கள் பார்ப்பதற்காக நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு எழுந்தார்கள். ஃபெஸ்டஸ் ஒரு கையில் குண்டூசியை எடுத்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் தீப்பெட்டியைத் தள்ளினார். பச்சை நூல் சுற்றிய முள் மேசைமேல் விழுந்து ஒரு சுற்று உருண்டு நின்றது. அதன் வளைவில் காய்ந்துபோன ஏதோ ஒன்று ஒட்டியிருந்தது.