கரை டெண்டுகளுக்கு வராத சிக்னல்

பவனா ஏரிக்கரையில் முரளி சார் நடத்தும் கேம்ப்புக்கு அன்றைக்கு நான் போனது ஒரு நாவல் மரத்தை வெட்ட. கோடையில் அதே மரத்தை ஒட்டிக் கம்பம் நட்டு, உச்சியில் வைஃபை பெட்டியை மாட்டிவிட்டு வந்ததும் நான்தான். ஆபீஸ் கூரையிலிருந்து வரும் நெட்டை அந்தப் பெட்டி வாங்கி, தண்ணீர் ஓரத்து டெண்டுகளுக்குக் கொடுக்கும். மே மாதம் முழுக்க நன்றாகக் கொடுத்தது. மழை இறங்கியதும் படுத்துவிட்டது.

முரளி சார் எங்களை மாதிரியே இந்த மராத்தி ஊருக்கு வந்த கோயம்புத்தூர்க்காரர். விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறில் கேம்ப்.

"கிருஷ்ணா, மரம் எப்படித் தழைச்சிருக்கு பாருங்க. ஈர இலை சிக்னலைக் குடிச்சுருமுங்க. டெண்டுல இருந்தே மீட்டிங் பேசலாம்னு சொல்லித்தான் ஆளைக் கூப்பிடறேன். வர்றவங்க திட்டிட்டுப் போறாங்க" என்றார்.

"கிளைய மட்டும் கழிச்சுப் பாக்கலாமா சார்?"

"கழிச்சா மறுபடி தழைக்கும். எடுத்துடுங்க."

மரத்தடியில் தர்மாம்பாள் அக்கா சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். கசார்வாடியில் எங்கள் சந்துக்காரி. மழைக்காலம்தான் அவளுக்கு வியாபாரம். கொட்டுகிற மழையிலும் அவள் அடுப்பு அணையாமல் இருந்தது அந்த மரத்தால்தான். தார்ப்பாய் கட்டிப் பார்த்தாள். ஏரிக்காற்று இரண்டே நாளில் கிழித்துவிட்டது.

"இன்னாப்பா, என் வூட்டுக் கூரையப் பிரிக்க வந்துட்டியா?" என்றாள். "டெண்டுல படுக்க வந்துட்டு, ஒவ்வொருத்தரும் போனத் தலைக்கு மேல தூக்கிக்கினு நடக்கறாங்க, சாமி வந்தவங்க மாதிரி. அதுக்கு இந்த மரம் இன்னா பண்ணுச்சு?"

"நான் இன்னாக்கா பண்றது? அவர் சொல்றாரு."

அவள் எழுந்தாள். அடுப்புக் கல்லையும் சோள மூட்டையையும் கொஞ்சம் தள்ளியிருந்த மாமரத்தடிக்குத் தூக்கிப் போனாள். சின்ன மாமரம்; ஆனால் அதைவிட்டால் கரையில் வேறு மரம் இல்லை.

வெட்டுவதற்கு முன்னால் கம்பத்தில் ஒருதடவை ஏறிப் பார்த்திருக்கலாம். ஏணி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. போசரி ஃபாக்டரியில் இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்திருந்தேன்; முட்டி வலித்தது; ஏணிப் படியெல்லாம் பாசி. மரம் அறுக்கிற மெஷினை ஓட்டிவிட்டேன். மரம் ஏரிப் பக்கமாகச் சாய்ந்தது. பழம் சிதறி மண்ணெல்லாம் ஊதாவானது.

போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் முன்பு இருந்த மாதிரியே ஒரு கோடுதான்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன். இலைக்குள் மறைந்திருந்த கம்பத்து உச்சி இப்போது வெளியே தெரிந்தது. பெட்டியின் தலையில் ஒரு எண்ணெய் டின். ஏறினேன். டின்னைப் பிளந்து, மூன்று பக்கமும் மூடுகிற மாதிரி வளைத்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தது. கையைக் கிழிக்காதபடி விளிம்பு முழுவதும் உள்பக்கமாக மடித்துத் தட்டியிருந்தது. எங்கள் சந்தில் மழைக்கு முன்னே எல்லோரும் டின்னுக்கு அலைவோம். மீட்டர், மோட்டார், கோழிக்கூடு, எதுவானாலும் ஒரு டின்னைக் கவிழ்ப்போம். ஆனால் விளிம்பை மடித்துத் தட்டுகிற பொறுமை ஒருத்திக்குத்தான் உண்டு.

கம்பியை அறுத்து டின்னை எடுத்தேன். கீழே டெண்டுகளிலிருந்து "ஆலா, ஆலா!" என்று மராத்தியில் சத்தம் வந்தது. நெட் வந்துவிட்டது.

டின்னைக் கோணிப்பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன்.

"வந்துடுச்சாப்பா?" என்றாள் அக்கா, அடுப்பை ஊதிக்கொண்டே.

"வந்துடுச்சுக்கா."

"அப்ப மரம்தானா?"

"மரம்தான்."

"போவுது வுடு. நம்ம கையில இன்னா இருக்குது" என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. இதை இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

முரளி சார் குடையோடு ஓடிவந்தார். "பாத்தீங்களா கிருஷ்ணா, நான் சொன்னேனுங்களே! அப்படியே அந்த மாமரத்தையும் எடுத்துடுங்க. அந்தப் பக்கத்து டெண்டுக்கும் ஜோரா வந்துரும்."

அக்கா ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தாள். சாரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

கோணிப்பையிலிருந்து டின்னை எடுத்து, வெட்டின மரத்தின் அடிக்கட்டை மேல் வைத்தேன். "மரம் இல்லைங்க சார். இது பெட்டிய மூடிக்கினு இருந்துச்சு. இத எடுத்தப்புறம்தான் வந்துச்சு."

சார் டின்னைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். "யாருங்க இதைப் போட்டது?"

அக்கா எழுந்து வந்து டின்னைக் கையில் எடுத்தாள். மடித்த விளிம்பை விரலால் தடவினாள்.

"மொத மழைக்கு நாந்தான் ஏறிக் கட்னேன்" என்றாள். "பாவம், நனைஞ்சுடுமேன்னு."

சார் மாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். "மாமரம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் பக்கம் நடந்தார்.

"மரம்தான்னு சொன்னியே" என்றாள் அக்கா.

"சொன்னேன்க்கா."

"அப்புறம் ஏன் எடுத்து வச்ச?"

மாமரத்தைக் கை காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மழை மறுபடி பிடித்தது. அக்கா அந்த டின்னை எடுத்துப் போய் அடுப்புக்குக் காற்று மறைப்பாக நிறுத்தினாள். மாமரத்து இலைகளுக்கு நடுவே தண்ணீர் நேராக அடுப்பில் விழுந்துகொண்டிருந்தது. அவள் ஊதிக்கொண்டே இருந்தாள்.