பாதி எழுத்தில் எழுந்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பழங்காலக் கிறிஸ்தவத் துறவிகளைப் பற்றி எதையோ படித்துக்கொண்டிருந்தேன். ஏடு எழுதும் துறவி, ஜெபத்துக்கு அழைப்பு வந்த நொடியே எழ வேண்டுமாம்; கையிலிருக்கும் எழுத்தைக்கூட முடிக்கக் கூடாதாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாக்கியத்தை முடிக்காமல் நான் சாப்பாட்டுக்குக்கூட எழுந்ததில்லை. (அதற்காக வீட்டில் என்ன பெயர் வாங்கியிருக்கிறேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.)

ஆகவே என் வியாதியை ஒரு பெண்ணின் தலையில் கட்டினேன்.

2

மாலை வெயில் கண்ணாடி ஜன்னலில் பட்டு

(வேண்டாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்புகிறவளே இல்லை.)

தண்ணீர் மோட்டார் கம்பெனி ஒன்றில், வரும் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள் அவள். மூன்று வயது மகள் காப்பகத்தில் இருக்கிறாள். ஐந்தரைக்குள் அழைத்துவர வேண்டும். "இந்த ஒரு வரி" என்று உட்கார்ந்துவிட்டு ஆறேகாலுக்குப் போய் நிற்பாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் போயிருக்க, மகள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பாள். நேற்று காப்பகத்து ஆயா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"இன்னொரு நாள் லேட்டானா வேற இடம் பாத்துக்கம்மா. பிள்ளை முகத்தைப் பாக்க முடியல."

3

நான் படித்ததை அவளும் படித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். (எங்கே, எப்படி என்று கேட்காதீர்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சலுகைகூடவா இல்லை?) செல்போனில் ஐந்து மணிக்கு அலாரம் வைத்தாள். அது அடித்தபோது கம்ப்யூட்டர் திரையில் "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்து" என்று நின்றது. இன்னும் மூன்றே எழுத்து.

இங்கேதான் நான் சொதப்பினேன். முதல் பிரதியில் அவளை அதை முடிக்கவிட்டேன். முடித்ததும் அடுத்த வரி தானாக வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, மணி ஆறு. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஒளிந்திருக்கும் என்பது அந்தத் துறவிகளுக்குத் தெரிந்திருக்கிறது; எனக்கு ஐம்பது வயதில்தான் உறைத்தது.

மறுபடி எழுதினேன். எழுந்துவிட்டாள்.

பக்கத்து மேசைக்காரன் வாயைப் பிளந்தான். "என்னக்கா, பாதியிலயே விட்டுட்டுப் போறீங்க?"

"கிடக்கட்டும். மிச்சத்தை நாளைக்கு வருந்திக்கலாம்."

4

முடிவு அ: மகள் ஓடிவந்து கட்டிக்கொள்கிறாள். (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: பஸ் வரவே இல்லை, அவள்

(இதை எழுத எனக்கே மனசு வரவில்லை.)

நடந்தது இதுதான். ஐந்து இருபதுக்குப் போய் நின்றாள். உள்ளே பிள்ளைகளின் ஒரே கூச்சல். அங்கே அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. ஆயா கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அட, நீயாம்மா!"

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. எழுதிய எனக்கும்தான்.

மகள் தரையில் கட்டைகளை அடுக்கி ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இரும்மா. இந்த ஒரு கட்டை."

ஒரு கட்டையா? எங்கள் வம்சத்தை எனக்குத் தெரியாதா! அப்படியே தூக்கிக்கொண்டு கிளம்புவதா, விட்டுப்பிடிப்பதா? துறவிகள் ஒன்று சொல்வார்கள், பெற்ற மனசு ஒன்று சொல்லும். தீர்ப்பு எழுத நான் தயாரில்லை. அது உங்கள் பாடு. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அங்கிருந்த குட்டி நாற்காலி ஒன்றில் அவள் மடங்கி உட்கார்ந்தாள். மகளுக்காக அவள் காத்திருப்பது அதுதான் முதல் தடவை.