கீரை வண்டிக்கு அடையாளம்

பெரிய சாலையிலிருந்து மேலச்சுனைப்பட்டிக்குப் பிரியும் விலக்கில் இப்போது நான்தான் அடையாளம். முன்பு ஒரு புளியமரம் இருந்தது. நாலுவழிச் சாலை போட்டபோது வெட்டிவிட்டார்கள்.

என் மனைவி சீனியம்மாளுக்கு உடம்புக்கு முடியவில்லை. மருந்துச் சூட்டில் வாயெல்லாம் புண். மணத்தக்காளிக் கீரைச் சாறு மட்டும்தான் தொண்டையில் இறங்கும். எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம். கீரைக்குப் போனில்தான் சொல்ல வேண்டும். காடுகரை வைத்து விவசாயம் பார்க்கிறவன் கீரைக்காகப் போனைத் தடவுகிறான், என்ன பிழைப்போ!

முகவரி போட்டேன். பக்கத்தில் என்ன அடையாளம் என்று போன் கேட்டது. எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வதைத்தான் நானும் போட்டேன். 'விலக்கில் நான் நிற்பேன்.' பதிவாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றேன்.

வெயில் ஏறியது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமென்று வீட்டைப் பார்த்து நாலு எட்டு வைத்தேன். ஊரும் நாலு எட்டு பின்னால் போனது, தண்ணீர்த் தொட்டியோடு. உடனே கீரைக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள்.

"சார், அடையாளம் நகரக் கூடாது. நகர்ந்தா ஊரும் நகர்ந்துரும்."

"நான் மனுஷன்மா."

"அதுக்குத் தனி வசதி இல்ல சார்."

பழைய இடத்துக்கே வந்தேன். ஊரும் வந்தது.

அடுத்து சீனியம்மாள் கூப்பிட்டாள்.

"ஏங்க, கீரை வந்துச்சா?"

"வந்துரும் சீனி."

"நீங்களாவது வாங்க."

வருகிறேன் என்றேன்.

கீரை கொண்டுவந்த பெண்ணின் பெயர் ஜெபராணி. ஸ்கூட்டரில் வந்தாள். அப்போதுதான் பறித்தது போலக் கீரை ஈரமாக இருந்தது.

"குடும்மா, ஓடிப்போய்க் குடுத்துர்றேன்."

"அடையாளத்துக்கிட்ட குடுத்தா என் வேலை போயிரும் அண்ணாச்சி. வீட்டாளுகிட்டதான் குடுக்கணும்."

"அது என் வீடுதாம்மா."

"அப்ப நீங்க வீட்டுலல்லா இருக்கணும்?"

கோபம் கோபமாக வந்தது. வழி சொன்னேன்.

"இடதுகைப் பக்கம் போ. தொட்டியத் தாண்டி நீலக் கதவு. சத்தமாக் கூப்பிடு. அவளால எந்திரிக்க முடியாது."

போனவள் பையோடு திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"கூப்பிட்டேன் அண்ணாச்சி. வாங்கிக்க ஆள் இல்ல."

"உள்ள இருக்காம்மா."

"இப்ப இல்ல அண்ணாச்சி."

கீரை கொஞ்சமும் வாடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் அதைத் திரும்பக் கொண்டுபோனாள்.

சாயங்காலம் ஒரு வேன் வந்து நின்றது. முன்சீட்டில் சீனியம்மாளின் அண்ணன் குருவையா, மடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். போன பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். மைல்கல்லைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"எழவு வீட்டுக்கு எங்கிட்டுப் போகணும்?"

"இடதுகைப் பக்கம். நீலக் கதவு."

"அவ வீட்டுக்காரரு இருக்காரா?"

"கீரை வாங்கப் போயிருக்காரு. வந்துருவாரு."

வேன் திரும்பியது. பின்னால் இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் வழி சொன்னேன். அழுதேன். அசையாமல் அழுதேன். நான் அசைந்தால் ஊர் நகர்ந்துவிடும். அவளைப் பார்க்க வந்தவர்கள் வழி தவறிவிடுவார்கள்.