படம் நிற்கும்வரை

சித்தப்பா அந்தப் பையனின் காலரைப் பிடித்து இழுத்த வேகத்தில் சட்டையின் மேல் பொத்தான்கள் இரண்டும் தெறித்தன. ஒன்று அப்பாவின் உடல் கிடந்த பெட்டிக்கு அடியில் உருண்டு போயிற்று. பையன் எதிர்க்கவில்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், சித்தப்பாவை ஒரு கையால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். நெற்றியில் ஒட்டியிருந்த கட்டு நழுவி, முந்தைய நாள் போட்ட ஆறு தையல்களும் வெளியே தெரிந்தன. அதில் ஒன்று பிரிந்து ரத்தம் புருவத்துக்கு இறங்கியது.

"ஒன்பது நிமிஷம்டா," என்றார் சித்தப்பா. "கண்ணு முன்னாடி ஒரு மனுஷன் விழுந்து கிடக்கான். ஒன்பது நிமிஷம் உக்காந்து வாசிச்சிருக்கீங்க. டாக்டர் என்ன சொன்னான் தெரியுமா? ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி தூக்கியிருந்தா பொழச்சிருப்பானாம்."

"சித்தப்பா, அவனை விடுங்க."

"நீ சும்மா இரு பாப்பா."

பாப்பா சும்மா இருக்கவில்லை. காலரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். முப்பத்து மூன்று வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்க்கிற வேலை. இது தெளிவா, அது தெளிவா என்று அடுத்தவர்களை நாள் முழுக்கக் கேட்டுப் பிழைக்கிறவள். பையனைப் பின்பக்கம் போய் உட்காரச் சொன்னாள்.

கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ரொம்பக் கண்டிப்பானவர். அடிக்கிற மனிதன் செத்துப் போனால் அன்றைக்கே கண்டிப்பானவனாகி விடுகிறான். அம்மா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அப்பா இசைக் கல்லூரியில் படத்துக்கு இசையமைக்கக் கற்றுக் கொடுத்தவர். கரும்பலகையில் எழுதிப் போட்டு முடிக்கிற பாடம் அல்ல அது. திரையில் படம் ஓடும். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, தங்களில் ஒருவன் எழுதிய இசையை அந்த இடத்திலேயே வாசிக்க வேண்டும். ஒவ்வொருவர் காதிலும் டிக் டிக் என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும். திரையில் கதவு அறைந்தால் அதே நொடியில் தாளம் விழ வேண்டும், அரை நொடி பிந்தினால் பார்க்கிறவன் சிரித்துவிடுவான். படம் யாருக்காகவும் நிற்காது, அதனால் படம் நிற்கும்வரை கையும் நிற்கக் கூடாது.

இந்த ஒரு விதியை மாணவர்கள் மண்டையில் ஏற்ற அப்பா பட்ட பாடு கொஞ்சம் இல்லை. அவர்கள் பட்ட பாடு அதைவிடப் பெரிது. வாசித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைப்பார். காதுக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுவார். தீப்பிடித்துவிட்டது என்று கத்துவார். நிறுத்தினவனுக்கு இரும்பு ஸ்கேலால் விரல் கணுவில் விழும். அடியாத மாடு படியாது என்று அதற்கு ஒரு பழமொழி வேறு வைத்திருந்தார். போன வருடம் ஒரு நாள் மயங்கி விழுவதுபோல விழுந்தும் பார்த்தார். வயலின் வாசித்த பெண் ஒருத்தி பதறிப் போய் ஓடி வந்தாள். அப்பா எழுந்து, பேண்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, அவளைப் பரீட்சையில் பெயிலாக்கினார். புலி வருது, புலி வருது என்று கத்தினவன் கதை ஊருக்கெல்லாம் தெரியும். அப்பாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

முந்தைய நாள் கடைசி ஒத்திகை. பன்னிரண்டு நிமிடப் படம். மூன்றாவது நிமிடத்தில் கார் கவிழ்ந்து கண்ணாடி நொறுங்கும். அந்த இடத்தில் டிரம்ஸ் விழ வேண்டும். இசையை எழுதியவனும் டிரம்ஸ் வாசித்தவனும் இந்த உயரமான பையன்தான். ஒட்டடைக்குச்சி என்று அப்பா அவனுக்குப் பெயர் வைத்திருந்தார். அவன் அரை நொடி பிந்தினான். அப்பா பக்கத்தில் இருந்த, நோட்டு வைக்கிற இரும்பு ஸ்டாண்டைத் தூக்கி அவன்மேல் வீசினார். அதன் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. ரத்தம் ஒரு கண்ணை மூட, இன்னொரு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டு அவன் வாசித்தான். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரைக்கு ஓரமாக உட்கார்ந்தார், பிறகு சரிந்தார். மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்தையும் பன்னிரண்டு பேரும் ஒரு பிசகில்லாமல் வாசித்து முடித்தார்கள். பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது.

இதையெல்லாம் யாரும் பாப்பாவிடம் சொல்லவில்லை. அவளே பார்த்தாள். கல்லூரியிலிருந்து வந்த அப்பாவின் பையில் மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், அந்த ஸ்கேல் இவற்றோடு ஒத்திகையைப் பிடிக்கிற கேமராவின் மெமரி கார்டும் இருந்தது. நகம் அளவு கார்டு. காலையில் அறையைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தாள்.

விழுந்த பிறகு, இரண்டாவது நிமிடத்தில் அப்பாவின் வலது கை மேலே எழுந்தது. ஒட்டடைக்குச்சி இருந்த பக்கம் நீண்டது. நான்கைந்து நொடி அப்படியே நின்றுவிட்டுத் தரையில் விழுந்தது. பையன் அதைப் பார்த்தது வீடியோவில் தெரிந்தது. பார்த்துவிட்டு முன்பைவிடப் பலமாக வாசித்தான். மற்றவர்களும் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். நிறுத்தாதே என்று அப்பா காட்டுகிற சைகை என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தச் சைகையைப் பாப்பா ஆறு வயதிலிருந்து பார்த்தவள். நிறுத்தாதே என்றால் கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கும், கை வட்டமாகச் சுற்றும். இதில் ஐந்து விரலும் விரிந்திருந்தன. கை சுற்றவில்லை. வா, என்னைத் தூக்கு என்று கூப்பிடுகிற கை அது. மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பழைய பயம்தான் வந்து உட்கார்ந்தது.

அப்போது அவளுக்குப் பதினோரு வயது. இதே கூடத்தில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். டிவியில் சத்தமில்லாமல் ஒரு படம் ஓடியது. குழந்தை சாப்பிட்டுவிட்டு வாசிக்கட்டுமே என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அப்பா எழுந்து போகும்போது, "படம் ஓடுது, நிறுத்தாதே," என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். பிறகு பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. அம்மாவின் தலை சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. மரக்கட்டை ஒடிவதுபோல ஒரு சத்தமும் கேட்டது. பாப்பா நிறுத்தவில்லை. திறந்திருந்த கதவு வழியே தரையில் அம்மாவின் வலது கை மட்டும் தெரிந்தது. அது இவளை நோக்கி எழுந்தது, கொஞ்ச நேரம் நின்றது, விழுந்தது. நீ வாசி, இங்கே வராதே என்கிறாள் என்று பாப்பா எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடமாக அப்படியேதான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அன்று ஒடிந்த அம்மாவின் இடது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. அடுத்த வருடம் பாப்பா கீபோர்டை மூடினாள். அதற்கு வாங்கிய அடி தனிக் கதை.

"காலேஜ்ல அண்ணன் பையில போட்டு அனுப்பின அந்தக் கார்டு எங்க?" என்றார் சித்தப்பா. பின்பக்கம் போகப் பார்த்தவளின் வழியை மறித்து நின்றார்.

"எதுக்கு?"

"போலீஸ்ல குடுக்கணும். பன்னிரண்டு பேரும் உள்ள போகணும். எங்கப்பா செத்தப்போ எனக்கு ஏழு வயசு. எங்கண்ணன் ஒரு வேளை சாப்பிட்டு என்னைப் படிக்க வெச்சவன். அவனை நாய் மாதிரி தரையில கிடக்க விட்டிருக்கானுங்க." அவருக்குக் குரல் உடைந்தது. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்த அண்ணன் அவருக்கு அண்ணனாகத்தான் இருந்தார்.

"அது வெளிய போகக் கூடாது சித்தப்பா."

"ஏன்?"

"அவரு சொல்லிக் குடுத்ததைத்தான் அவங்க செஞ்சாங்க."

சித்தப்பாவின் கை அவள் கன்னத்தில் விழுந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது. அவள் அடுத்து என்ன செய்தாள் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. முஷ்டி சித்தப்பாவின் வாயில் போய் இறங்கியிருந்தது. அவர் பின்னால் சாய்ந்து பெட்டியில் இடித்தார். பெட்டி அரை அடி நகர்ந்தது, அப்பாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. சித்தப்பாவின் உதடு கிழிந்து முன்பல் சிவந்திருந்தது. பாப்பா தன் கையைப் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தது.

அவர் மறுபடி கையை ஓங்கிக்கொண்டு வந்தார். பாப்பா இடுப்பில் செருகியிருந்த கார்டை எடுத்து, கடைவாயில் வைத்துக் கடித்தாள். அது சட்டென்று உடையவில்லை. தாடையை இறுக்கி இன்னொரு முறை கடித்தாள். உடைந்த முனை உள்கன்னத்தைக் கிழித்தது. ரத்தமும் கறுப்புத் துண்டுகளுமாகச் சித்தப்பாவின் காலடியில் துப்பினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அம்மா எழுந்தாள். பெட்டிக்குள் கையை விட்டு, அப்பாவின் தலையை நேராக்கி வைத்தாள்.

"தம்பி, போய் மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க," என்றாள் சித்தப்பாவிடம். "வண்டி வந்துரும்."

பின்பக்கக் குழாயடியில் ஒட்டடைக்குச்சி குந்தி உட்கார்ந்திருந்தான். பாப்பா வாயைக் கொப்பளித்துவிட்டு, புதுப் பஞ்சை நனைத்து அவன் நெற்றியைத் துடைத்தாள். சமையலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே அம்மா, வந்தவர்கள் குடித்த தம்ளர்களைக் கழுவ ஆரம்பித்திருந்தாள்.

"நீங்க அந்த வீடியோவைப் பார்த்தீங்களாக்கா?" என்றான் பையன்.

"பார்த்தேன்."

"நான்தான் சாருக்கு நேரா உக்காந்திருந்தேன். மத்தவங்க எல்லாம் என்னைப் பார்த்துத்தான் வாசிச்சாங்க. நான் நிறுத்தியிருந்தா எல்லாரும் நிறுத்தியிருப்பாங்க."

பாப்பா பஞ்சை மறுபடி தண்ணீரில் நனைத்தாள்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. ரத்தம் வழியும்போது, இந்த ஆளு எந்திரிக்கவே கூடாதுன்னு ஒரு நொடி நெனச்சேன். ஒரே ஒரு நொடிதான். அப்புறம் சார் கை காமிச்சாரு." அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "நிறுத்தாதேன்னுதானே காமிச்சாரு?"

அவள் பஞ்சைப் பிழிந்தாள். அந்த ஒரு நொடி அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் நினைத்த நொடிகளைக் கூட்டினால் சில மாதங்கள் வரும். இவன் கேட்பதற்கு அவள் என்ன சொல்கிறாளோ, அதை வைத்துக்கொண்டுதான் இவன் மிச்ச வாழ்நாளை ஓட்டியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் இனி எந்தக் கை எங்கே எழுந்தாலும் இவன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவான். அதைப் பார்த்தவர்கள் பன்னிரண்டு பேரும் அவளும்தான். மிச்சம் கூடத்துத் தரையில் துண்டாகிக் கிடக்கிறது.

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

"ஆமா," என்றாள் பாப்பா, கண்ணைத் தையலிலிருந்து எடுக்காமல். "நிறுத்தாதேன்னுதான்."

பையன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். குழாய் மறுபடி ஓட ஆரம்பித்தது.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஒட்டடைக்குச்சியும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பெட்டியைத் தூக்கினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, கடைசி உறவுக்காரரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனபோது தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் ஒரு சட்டைப் பொத்தான் கிடந்தது. பாப்பா அதை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

தம்ளர்கள் இன்னும் தீரவில்லை. அம்மா கழுவிக் கொடுத்தாள், பாப்பா வாங்கித் துடைத்தாள். அப்பா இருந்தவரை இந்த நேரத்தில் இந்த வீட்டில் யாரும் பாத்திரச் சத்தம் வரவிடமாட்டார்கள். இன்று தம்ளர்கள் இஷ்டத்துக்கு ஒன்றோடொன்று மோதின.

"கன்னம் வலிக்குதா?" என்றாள் அம்மா.

"இல்ல."

இன்னும் நான்கு தம்ளர்கள் போயின.

"அம்மா."

"ம்."

"எனக்குப் பதினோரு வயசுல, இங்கதானே நீ விழுந்து கிடந்தே."

அம்மா தம்ளரின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ என்னைப் பார்த்துக் கை காமிச்சே." பாப்பா துடைத்த தம்ளரைக் கீழே வைத்தாள். "வாசின்னுதானே காமிச்சே?"

அம்மா தம்ளரைத் தேய்த்து முடித்தாள். தண்ணீரில் இரண்டு முறை அலசினாள். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஆமா," என்றாள், கண்ணைத் தம்ளரிலிருந்து எடுக்காமல். "வாசின்னுதான்."

அதைப் பாப்பாவிடம் நீட்டிவிட்டு, கோணல் மணிக்கட்டால் அடுத்த தம்ளரை அணைத்துப் பிடித்துக் குழாய்க்கு அடியில் கொண்டுபோனாள். பாப்பா கையில் இருந்த தம்ளரைத் துடைத்தாள். அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள்.