பத்தடிப் பாலைவனம்

என் தையல் கடையைப் பாலைவனம் என்று வேறு யார் சொல்லியிருந்தாலும் கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருப்பேன். சொன்னவள் என் மகள். அதனால் வாயை மூடிக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் தென் அமெரிக்காவை ஒப்படைத்திருந்தார்கள். அந்தக் கண்டத்தின் மலை, ஆறு, காடு, பாலைவனம் எல்லாவற்றையும் ஆராய்ந்து ஒரு மாதிரி செய்து காட்ட வேண்டும். வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார். அவர் சரி என்று எழுதினால் அடுத்த வருடம் புவியியல் பிரிவில் இடம். இல்லையென்றால் கிடைத்த பிரிவில் போய் உட்கார வேண்டியதுதான். என் மகளுக்குப் புவியியலை விட்டால் உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. குளியலறையில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று நின்று பார்த்து, குளிக்க மறந்து வெளியே வருகிறவள் அவள்.

அந்த இடம் போன வருடமே கிடைத்திருக்க வேண்டும். கெடுத்தவன் நான். மதிப்பீட்டில் காட்ட ஐந்து வகை மண் சேகரித்து வைத்திருந்தாள். பிள்ளை இப்படியா அழுக்காகக் கொண்டுபோவாள் என்று நினைத்து, ஐந்தையும் கல் குப்பை இல்லாமல் சலித்து, ஒரே மாதிரிப் பொட்டலமாக மடித்து, அழகாக அடுக்கி வைத்தேன். எது எந்த மண் என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று. அன்றிலிருந்து அவள் எனக்கு நோட்டைக் காட்டுவதில்லை. “சாப்டியாம்மா?” என்றால் “ம்”. “படிச்சியா?” என்றால் அதற்கும் “ம்”. ஒரு வருடமாக அந்த “ம்”மோடுதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முதலில் மேஜை மேல் வைக்கிற மாதிரிதான் செய்வதாக இருந்தார்கள். கூட்டாளிகளில் ஒருத்திக்குக் கால்குலேட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கணக்குப் போட்டு எல்லாவற்றையும் கவிழ்த்தாள்.

“மேஜை மேல ஒரு மீட்டருக்குக் கண்டம் செஞ்சா, ஆண்டீஸ் மலை ஒரு மில்லிமீட்டர்கூட வராதுடி.”

“அப்போ மலையை மட்டும் கொஞ்சம் தூக்கி வெச்சுக்கலாம். எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?” என்றாள் இன்னொருத்தி. எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவதால் அவளுக்குத் தலையாட்டி என்று பெயர்.

“அது பொய்,” என்றாள் என் மகள்.

மலை கண்ணுக்குத் தெரிய ஒரு சாண் உயரமாவது வேண்டும். மலை ஒரு சாண் என்றால் கண்டம் இருநூற்றைம்பது மீட்டர். அது பள்ளிக்கூட மைதானத்தில் அடங்காது. தெருவிலேயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். தலைமையாசிரியர் அனுமதிக் கடிதத்தில் நீளத்தைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

என் டேப்பையே எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் அளந்தார்கள். மூன்றாம் நாள் சாக்பீஸும் கையுமாக என் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு மேற்கே சலவைக் கடை. அது என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணன். அங்கே பசிபிக் பெருங்கடல். எனக்குக் கிழக்கே ஜெராக்ஸ் கடை. அங்கே ஆண்டீஸ் மலை. அதற்கப்புறம் மூலை மருந்துக்கடையிலிருந்து பின்தெரு முழுக்க மழைக்காடு. அதன் நடுவே அமேசான் ஓடிப் பள்ளிக்கூட வாசலில் கடலில் கலக்கிறது. மலைக்கும் கடலுக்கும் நடுவே மிஞ்சியது அட்டகாமா பாலைவனம். அதன் அகலம் பத்தடி. என் கடையின் அகலமும் பத்தடி.

“எனக்கு மட்டும் ஏம்மா பாலைவனம்? ஒரு குட்டையாவது கொடுக்கக்கூடாதா?”

“முடியாதுப்பா. மேகம் கிழக்கேயிருந்து வருது. மலை தடுத்துடுது. மழையெல்லாம் அந்தப் பக்கமே பெஞ்சிடும்.”

“சரி, இந்தப் பக்கம் உங்க மாமா கடைல அவ்வளவு பெரிய கடல் இருக்கே?”

“அது குளிர்ந்த கடல். அதுலேர்ந்தும் மழை வராது.”

மச்சானிடமிருந்து எனக்கு ஒன்றும் வராது என்பது கல்யாணத்தன்றே தெரியும். ஆனால் ஜெராக்ஸ்காரரை நான் நண்பர் என்று நினைத்திருந்தேன். நேரே போனேன்.

“உன் மலையால என் கடைக்கு மழையே இல்ல, தெரியுமா?”

“நான் என்னங்க பண்றது? என் கடைக்கு நானே மலை ஏறி இறங்கி வர்றேன்,” என்றார் அவர், சோர்ந்து போய். வீணான காகிதத்தையெல்லாம் ஊறவைத்து, அவர் வாசலில் ஒரு சாண் உயரத்துக்கு மலை கட்டிவிட்டிருந்தார்கள். ‘மெதுவாக ஏறவும்’ என்று அட்டை வேறு தொங்கியது.

தெருவே தலைகீழாகிவிட்டது. மருந்துக்கடைக்காரர் வீட்டிலிருந்த பூந்தொட்டிகளையெல்லாம் கொண்டுவந்து இறக்கி, சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றிவிட்டுக்கொண்டு, “காட்டுல ஒரே புழுக்கம்” என்று பெருமையாக விசிறிக்கொண்டார். என் மச்சான் வாசலில் நீல விரிப்பைப் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் “ஆழம் ஜாஸ்தி, ஓரமா நில்லுங்க” என்றார். என்னிடம் வந்த வாடிக்கையாளர் ஒருவர், “இந்தப் பாலைவனத்துல ஒரு பேண்ட் மடிச்சுத் தைக்கக் கொடுத்திருந்தேனே?” என்று கேட்டார். அவர் பேண்டை வேண்டுமென்றே ஒரு அங்குலம் குட்டையாகத் தைத்தேன்.

மதிப்பீட்டாளர் வருவதற்கு முந்தின நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. புதுத் துணி நனைக்கிற தொட்டியை எடுத்து, அடியில் நீல லைனிங் துணியை விரித்து, தண்ணீர் நிரப்பி, கடை நடுவே வைத்தேன். கரையில் நாலு பச்சை நூல்கண்டு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மகள் வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போன வருஷம் மாதிரியாப்பா?” என்றாள்.

நாற்பது பேருடைய உடம்பை அளந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒருவருக்குக்கூட அரை அங்குலம் தவறியதில்லை. என் பிள்ளையின் அளவு மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. அழுகை வந்தது. அவளெதிரே அழக்கூடாது என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன்.

அதற்கப்புறம் எனக்கு வெறி பிடித்துவிட்டது. குடிக்கிற தண்ணீர் கேனைத் தூக்கி மச்சான் கடையில் வைத்தேன். தண்ணீர் தெளிக்காமல் காய்ந்த துணியையே இஸ்திரி போட்டேன். ஊசியில் நூல் கோக்க நாக்கில் ஈரம் தொடுவதைக்கூட நிறுத்தினேன். மறுநாள் காலை முகம் கழுவிய ஈரத்தோடு ஒருத்தர் சட்டை வாங்க வந்தார். வாசலிலேயே நிறுத்தித் துண்டு கொடுத்தேன்.

மதிப்பீட்டாளர் ஒரு அம்மாள். கையில் அட்டை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, சிரிப்பென்பதே இல்லாத முகம். உச்சி வெயிலில் பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்து, ஆற்றோரமாகவே பின்தெரு முழுக்க நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று குறித்துக்கொண்டு, மூலை திரும்பி மலை ஏறி இறங்கி என் கடைக்குள் வந்தார். பின்னால் மூன்று பெண்களும் வந்தார்கள். அந்த அம்மாளுக்கு வேர்த்துக் கொட்டியது. மலையின் காகிதத் தூள் தொண்டையில் போய் இருமல் வேறு.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

என் கடைக்கு வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கை தானாகவே முன்பு கேன் இருந்த மூலைக்கு நீண்டது. அப்போது மகளைப் பார்த்தேன். அவள் மூச்சு விடவில்லை.

“இல்லைங்க மேடம்,” என்றேன். “இது பாலைவனம்.”

அம்மாள் கண்ணாடியை மேலே தள்ளினார். “கடைசியா எப்போ மழை பெஞ்சுது?”

“பதினெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன் மேடம். இந்தக் கூரைக்குக் கீழ ஒரு சொட்டு விழுந்ததில்ல.”

அவர் அதை எழுதிக்கொண்டார். மறுபடி இருமினார். இதைக் கேட்டு என் மச்சான், மவராசன், ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு பாய்ந்து வந்தார். “குடிங்கம்மா, குடிங்க! மனுஷனா இவன்?”

அம்மாள் சொம்பை வாயருகே கொண்டுபோய்விட்டார்.

“மாமா,” என்றாள் என் மகள். “அது கடல்லேர்ந்து வந்தது. உப்புத் தண்ணி.”

அது என் கேன் தண்ணீர்தான். ஆனால் கடலுக்குப் போனது போனதுதானே. அம்மாள் சொம்பைக் கீழே இறக்கினார். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சொம்பை மச்சானிடமே திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல தண்ணிக்கு எங்க போகணும்?”

“மலைக்கு அந்தப் பக்கம் மேடம்,” என்றார்கள் மூன்று பேரும்.

அம்மாள் அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, அந்த ஒரு சாண் மலையை மறுபடி ஏறி இறங்கி, மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் நீட்டிய தண்ணீரை நின்றபடியே குடித்தார். குடித்து முடித்து, அங்கிருந்தே அட்டையில் கையெழுத்துப் போட்டார். கால்குலேட்டர் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு, “சரின்னு எழுதிட்டாங்க!” என்று கத்தின கத்தலில் ஜெராக்ஸ்காரர் வெளியே ஓடி வந்து, அவசரத்தில் சிகரத்தின் மேலேயே காலை வைத்துவிட்டார்.

தலையாட்டியும் காட்டுப் பக்கம் ஓடினாள். என் மகள் ஓடவில்லை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னெதிரே உட்கார்ந்தாள். அவள் உதடும் காய்ந்துதான் போயிருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு வருடத்துக்கப்புறம் அந்த நோட்டு என் கண்ணில் பட்டது. அட்டகாமா என்று தலைப்புப் போட்டிருந்த பக்கத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

“அப்பா, பதினெட்டு வருஷம்னு எழுதிக்கட்டுமா?”

“பதினெட்டு வருஷம், நாலு மாசம்,” என்றேன். “சரியா எழுதும்மா.”